950 விநாடி இருட்டு: ஆனைமலை மின்மினிப் படம், ஒரு நிகழ்வு ஆய்வு

2023 அக்டோபரில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அந்த ஆண்டின் சிறந்த காட்டுயிர் ஒளிப்படங்களை அறிவித்தது. ஏறத்தாழ 50,000 படங்கள் வந்து குவிந்த போட்டி. முதுகெலும்பில்லா உயிர்களின் நடத்தை என்ற பிரிவில் முதலிடம் பெற்ற படம் எங்கள் பக்கத்துக் காட்டில் எடுத்தது. எடுத்தவர் ஸ்ரீராம் முரளி, இடம் ஆனைமலை புலிகள் காப்பகம். இரவு வானம், காடு, அந்தக் காடெங்கும் மஞ்சள் கலந்த பச்சையில் மின்மினி வெளிச்சம்.

அன்று சாயங்காலம் படத்தைக் கைப்பேசியில் என் அத்தையிடம் காட்டினேன். அத்தை ஆழியாறு பக்கம் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் மின்மினியைப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் அடைத்து, தலைமாட்டில் வைத்துத் தூங்கியவர். படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் கண்ணு, இத்தனை பூச்சி ஒரே நேரத்துல மின்னுமா? இல்ல கம்ப்யூட்டர்ல சேத்ததா?"

இரண்டு கேள்விக்கும் பதில் "ஆமாம்"தான். அதெப்படி இரண்டுக்கும் ஆமாம் என்று அன்றைக்கு அத்தைக்குப் புரியும்படி சொல்ல எனக்கு வரவில்லை. அதற்காகவே அந்தப் படத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். அடுத்த கோடையில் அதே முறையை எங்கள் தென்னந்தோப்பில் மூன்று இரவு செய்தும் பார்த்தேன். இரண்டையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

படம் பிறந்த இடம்

2022 ஏப்ரலில் ஆனைமலை புலிகள் காப்பக அதிகாரிகளும் ஸ்ரீராம் முரளியும் சேர்ந்து உலாந்தி வனச்சரகத்தில் மின்மினிகளை ஆராய்ந்தார்கள். டாப்சிலிப் என்று ஊரே அறிந்த பகுதி அது. ஆங்கிலேயர் காலத்தில் மலை உச்சியிலிருந்து தேக்கு மரங்களை வெட்டிக் கீழே சரித்துவிட்ட இடம் என்பதால் அந்தப் பெயர். வெட்டி அழித்த தேக்குக் காட்டை மறுபடி வளர்த்தெடுத்த ஹியூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது. அந்தக் காட்டில்தான், கோடைமழைக் காலத்தில், கோடிக்கணக்கான மின்மினிகள் ஒன்றுகூடித் தாளம் தப்பாமல் மின்னுவதைப் பதிவு செய்தார்கள். அவை அப்ஸ்காண்டிட்டா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. ஒரு மரத்தில் தொடங்கும் மின்னல் அடுத்த மரத்துக்குப் போய், அங்கிருந்து அதற்கடுத்த மரத்துக்குப் போய், காடு முழுக்க ஓடும்.

இப்படிக் கூடி மின்னும் மின்மினிகள் உலகில் சில இடங்களில் மட்டும்தான் உண்டு. தாய்லாந்து, மலேசியா ஆற்றோர மாங்குரோவ் மரங்களில் இருக்கின்றன. அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைத்தொடரில் இருக்கின்றன. அங்கே அவற்றைப் பார்க்க வரும் வாகனங்களுக்குக் குலுக்கல் முறையில்தான் அனுமதி. 1690இல் சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து, போன ஜெர்மானிய மருத்துவர் எங்கெல்பெர்ட் கெம்ஃபர், மரமே ஒரே நேரத்தில் ஒளிர்ந்து அணைவதைக் குறிப்பாக எழுதிவைத்தார். ஆனாலும் அதைப் பார்க்காதவர்கள் நம்பவில்லை. 1917இல் அமெரிக்காவில் ஒருவர், "பார்த்தவரின் கண்ணிமை துடித்ததால் அப்படித் தெரிந்திருக்கிறது" என்று 'சயின்ஸ்' இதழிலேயே எழுதினார். 1960களில் ஜான் பக், எலிசபெத் பக் தம்பதியர் தாய்லாந்து போய், மின்மினிகளைப் பிடித்துவந்து பாங்காக் விடுதி அறையின் இருட்டில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். சுவரில் ஒட்டிய பூச்சிகள் முதலில் இரண்டிரண்டாக, பிறகு மும்மூன்றாகச் சேர்ந்து மின்னத் தொடங்கின. அவர்கள் எடுத்த சலனப்படமும் அளவீடும்தான் வாதத்தை முடித்துவைத்தன.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. மின்மினி விஷயத்தில் ஒளிப்படம் வெறும் அழகுக்கு எடுப்பதாக ஒருநாளும் இருந்ததில்லை. பார்த்தவன் சொல்லை ஊர் நம்பாதபோது சாட்சி சொல்ல வந்தது அது. அப்படிப்பட்ட இடத்தில் "சேர்த்து எடுத்த படம்" என்றால் அத்தைக்கு வந்த சந்தேகம் யாருக்கும் வரும்.

19 விநாடி, 50 முறை

முரளியின் படத்துக்குத் தரப்பட்ட விவரம் இது: ஒவ்வொன்றும் 19 விநாடி திறப்பு நேரம் கொண்ட 50 படங்கள், ஒன்றாகச் சேர்த்தவை. மொத்தம் 950 விநாடி, கிட்டத்தட்ட 16 நிமிடம். சரி, எதற்கு 50 படம்? கேமராவை ஒரே மூச்சில் 16 நிமிடம் திறந்து வைத்தால் ஆகாதா?

எங்கள் தோப்பில் முதல் இரவு நான் செய்தது கிட்டத்தட்ட அதுதான். நல்ல மழை ஒன்று பெய்து நாலு நாள் ஆகியிருந்தது. அமாவாசையை ஒட்டிய நாள். வாய்க்கால் ஓரத்துப் புல்லில் மின்மினிகள் எழும்ப ஆரம்பித்திருந்தன. 24 மில்லிமீட்டர் லென்ஸ், அதன் துளை எஃப் 1.8 என்று அகலத் திறந்தது, வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் ஐஎஸ்ஓ 6400, நாலு நிமிடத் திறப்பு. நிறைய நேரம் திறந்தால் நிறைய வெளிச்சம், நிறைய மின்மினி என்று நினைத்தேன். திரையில் வந்தது பட்டப்பகல் மாதிரி ஒரு தோப்பு. பொள்ளாச்சி நகரத்தின் வெளிச்சம் வடக்கு வானத்தை வெளுப்பாக்கியிருந்தது. தென்னை ஓலை ஒவ்வொன்றும் தெரிந்தது. மின்மினியைத்தான் தேட வேண்டியிருந்தது.

ஏன் அப்படி ஆனது என்று புரிய எனக்கு ஒரு நாள் பிடித்தது. புரிந்த பிறகு, இந்தப் பட வகையின் சூட்சுமமே அதுதான் என்று தெரிந்தது.

மின்மினி பறந்துகொண்டே மின்னுகிறது. அதன் வெளிச்சம் கண்சிமிட்டும் நேரம்தான் கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சாரின் ஒரு புள்ளியில் விழுகிறது. அப்புறம் அந்தப் புள்ளிக்கு அது திரும்புவதில்லை. ஆகவே நீங்கள் ஒரு விநாடி திறந்தாலும் நாலு நிமிடம் திறந்தாலும் அந்தப் புள்ளியில் விழும் மின்மினி வெளிச்சம் ஒன்றுதான். ஒரு மின்னலின் பிரகாசத்தைக் கூட்டவும் குறைக்கவும் லென்ஸின் துளை அளவாலும் ஐஎஸ்ஓவாலும் மட்டுமே முடியும். நேரத்தைக் கூட்டினால் மின்னல்களின் எண்ணிக்கை கூடும், அவ்வளவுதான். வானமும் மரமும் அப்படியில்லை. அவை அசையாமல் இருக்கின்றன, அவற்றின் வெளிச்சம் ஒரே இடத்தில் விழுந்துகொண்டே இருக்கிறது. 15 விநாடிக்குப் பதில் நாலு நிமிடம் திறந்தால் பின்னணி 16 மடங்கு வெளிச்சமாகிறது; மின்மினியின் வெளிச்சம் இருந்த அளவிலேயே நிற்கிறது. பின்னணி மேலேறி மின்மினியை மூழ்கடித்துவிடுகிறது.

இப்போது அதே நாலு நிமிடத்தை 15 விநாடி கொண்ட 16 படங்களாக எடுத்து, ஒவ்வொரு புள்ளியிலும் 16 படங்களில் எதில் வெளிச்சம் அதிகமோ அதை மட்டும் வைத்துக்கொள்வோம். மென்பொருளில் இதற்கு 'லைட்டன்' என்று பெயர். ஜிம்ப்பிலும் இருக்கிறது, இலவசமாகக் கிடைக்கும் ஸ்டார்ஸ்டாக்ஸிலும் இருக்கிறது. பின்னணி 15 விநாடி இருட்டிலேயே நின்றுவிடும். மின்னல்கள் மட்டும் 16 படங்களிலிருந்தும் வந்து சேரும். 50 படம் எடுப்பதன் காரணம் இதுதான். ஒரு வகையில் இது வெளிச்சத்தைச் சேர்க்கும் வேலையே இல்லை; இருட்டைக் கெடாமல் காப்பாற்றும் வேலை.

அகலக் கோண லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 19 விநாடி என்ற எண்ணே ஒரு செய்தி சொல்லும். பூமி சுற்றுவதால் விண்மீன்கள் நகர்கின்றன. 24 மில்லிமீட்டர் லென்ஸில் சுமார் 20 விநாடி வரை திறந்தால்தான் அவை புள்ளியாக நிற்கும், தாண்டினால் கோடாக இழுபடும். ஆனால் 16 நிமிடத்தில் வானம் 4 பாகை நகர்ந்துவிடும். அதாவது எட்டு நிலவுகளை வரிசையாக ஒட்டி வைத்த தூரம். அதனால் வானமும் வேண்டும், மின்மினியும் வேண்டும் என்றால் வழக்கமாக வானத்துக்கு ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தரைப் பகுதிக்கு எல்லாவற்றையும் சேர்ப்பார்கள்; அல்லது வானத்தைத் தனியாக நேர்படுத்துவார்கள்.

பச்சை ஏன் வெள்ளையாகிறது

இரண்டாம் இரவு திறப்பை 15 விநாடியாகக் குறைத்தேன். ஐஎஸ்ஓவை 1600க்கு இறக்கினேன். இறக்கியதில் எதிர்பாராத நன்மை ஒன்று கிடைத்தது, நிறம். முந்தின இரவு அகப்பட்ட சில மின்னல்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது நடுவில் வெறும் வெள்ளையாக இருந்தது, ஓரத்தில் மட்டும் லேசாகப் பச்சை. மின்மினியின் வயிற்று நுனியில் லூசிஃபெரின் என்ற பொருள், லூசிஃபெரேஸ் என்ற நொதியின் துணையோடு ஆக்சிஜனுடன் சேரும்போது ஒளி பிறக்கிறது. அதற்கான ஆற்றலை உடலின் செல்களில் இருக்கும் ஏடிபி என்ற பொருள் தருகிறது. சூடு கிட்டத்தட்ட இல்லாத ஒளி. பெரும்பாலான இனங்களில் அது மஞ்சள் கலந்த பச்சை. ஆனால் சென்சாரின் கொள்ளளவைத் தாண்டி வெளிச்சம் விழுந்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் நிரம்பி வெள்ளையாகிவிடுகிறது. ஐஎஸ்ஓ 1600இல் அந்தப் பச்சை அப்படியே நின்றது. புதுத் தென்னங்குருத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தால் வரும் நிறம். கேமராவின் நிறச் சமநிலையைத் தீர்மானிக்கும் கெல்வின் அளவை 4000க்குப் பூட்டி வைத்தேன். கேமரா தானாகத் தீர்மானிக்க விட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறும், சேர்க்கும்போது திட்டுத் திட்டாக விழும்.

அதே இரவில் இரண்டு தவறும் நடந்தன. குளிர்சாதனம் போட்ட காரிலிருந்து கேமராவை இறக்கி உடனே வேலையைத் தொடங்கிவிட்டேன். மழைக்குப் பிந்தைய ஈரக்காற்று, குளிர்ந்த லென்ஸ். கண்ணாடியில் பனி படிந்து முதல் 20 படங்கள் பாலில் தோய்த்தது போல வந்தன. இப்போதெல்லாம் பையை மூடியபடியே தோப்பில் அரை மணி நேரம் வைத்துவிட்டுத்தான் திறக்கிறேன்.

இன்னொன்று நுணுக்கமானது. எல்லாப் படங்களையும் சேர்த்த பிறகு இடதுபக்க இருட்டில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் தெரிந்தன. தனித்தனிப் படங்களைப் புரட்டினால், அதே புள்ளி, அதே இடத்தில், எல்லாப் படங்களிலும்! மின்மினி ஒரே இடத்தில் அரை மணி நேரம் நிற்காது. சென்சார் சூடாகும்போது தானாக எரியும் பழுதுப் புள்ளிகள் அவை. லைட்டன் முறை நல்ல வெளிச்சம் கெட்ட வெளிச்சம் என்று பார்ப்பதில்லை, எது பிரகாசமோ அதை எடுத்துக்கொள்ளும். இதற்கு ஒரே மருந்து, வேலை முடிந்ததும் லென்ஸை மூடி போட்டு மூடி, அதே அமைப்பில், அதே சூட்டில் சில இருட்டுப் படங்கள் எடுத்துவைத்து, பிறகு கழிப்பது. கேமராவுக்குள்ளேயே இதைச் செய்யும் வசதி இருக்கிறது. ஆனால் அதைப் போட்டால் ஒவ்வொரு 15 விநாடிக்கும் இன்னொரு 15 விநாடி கேமரா கண்ணை மூடிக்கொள்ளும். பாதி இரவு போய்விடும்.

பக்கத்துத் தோட்டத்து விளக்கு

இரண்டாம் இரவின் படங்களில் இன்னொன்றைக் கவனித்தேன். சட்டகத்தின் வலது மூன்றிலொரு பாகத்தில் ஒரு மின்னல்கூட இல்லை. வாய்க்கால் அங்கேயும் ஓடுகிறது, புல்லும் அதே புல். ஆனால் வேலிக்கு அப்பால் இருக்கும் தோட்டத்தில் ஒரு எல்இடி ஃபோகஸ் லைட் எரிகிறது. அதன் வெளிச்சம் விழுகிற எல்லை வரை மின்மினி இல்லை. எல்லையைக் கோடு போட்டுக் காட்டலாம், அவ்வளவு துல்லியம்.

காரணம் எளிது. மின்மினியின் பேச்சே வெளிச்சம்தான். ஆண் பறந்தபடி மின்னுகிறது. பெண் பெரும்பாலும் புல்லிலோ செடியிலோ உட்கார்ந்து பதில் மின்னுகிறது. அந்தப் பதிலைக் கண்டு ஆண் இறங்குகிறது. ஃபோகஸ் லைட் வெளிச்சத்தில் ஒருவர் மின்னுவது மற்றவருக்குத் தெரியாது. வளர்ந்த பூச்சிக்கு ஆயுள் சில வாரங்கள்தான். அதற்குள் துணை கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தில் அடுத்த தலைமுறை கிடையாது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அந்தத் தோட்டத்துக்காரரைப் போய்ப் பார்த்தேன். என்னைவிட இருபது வயது பெரியவர், எங்கள் அப்பாவுக்குப் பழக்கம்.

"அண்ணா, இன்னைக்கு ராத்திரி ஒரு ரெண்டு மணி நேரம் அந்த லைட்டை நிறுத்திக்கலாமுங்களா?"

"எதுக்குங் தம்பி? கடலை போட்டிருக்கறேன். இருட்டாச்சுன்னா பன்னி பூந்துருமுங்க."

அது நியாயமான பயம். ஒரு காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே இரவில் அரை ஏக்கர் கடலையைக் கிளறிப் போட்டுவிடும். பூச்சியைப் படம் பிடிக்க விளக்கை அணை என்று அவரிடம் சும்மா கேட்க முடியாது. இரண்டு மணி நேரமும் நானே வேலியோரம் இருக்கிறேன், சத்தம் கேட்டால் உடனே விளக்கைப் போடுகிறேன் என்றேன். கைப்பேசியில் ஆனைமலைப் படத்தையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்க கொட்டாய்ப் பக்கம் அப்பெல்லாம் இப்படித்தானுங் இருக்கும்" என்றார். எட்டு மணிக்கு விளக்கு அணைந்தது.

முதல் 20 நிமிடம் அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. அப்புறம் வரப்போரப் புல்லிலிருந்து ஒரே ஒரு மின்னல். அது மேலே எழுந்து நாவல் மரத்தடி வரை போனது. கொஞ்சம் கழித்து இரண்டு. ஒன்பது மணிக்குள் வலது பக்கமும் இடது பக்கம் போல ஆகிவிட்டது. அவை எங்கிருந்தோ பறந்து வந்தவையா, அங்கேயே மின்னாமல் கிடந்தவையா என்று ஒரு இரவை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் இருட்டு திரும்பிய ஒரு மணி நேரத்தில் அவை இருந்தன என்பது படத்தில் இருக்கிறது.

அன்று 64 படம் எடுத்தேன், தலா 15 விநாடி. மொத்தம் 960 விநாடி. முரளியின் 950க்குக் கிட்டத்தட்ட சமம், வேண்டுமென்றேதான். இரண்டு படங்களில் சாலையில் போன லாரியின் வெளிச்சம் விழுந்தது, அவற்றைக் கழித்தேன். ஒன்றில் கோவைக்கு இறங்கும் விமானம் கோடு போட்டது, அதையும் எடுத்துவிட்டேன். மிச்சம் 61. சேர்த்த படத்தைப் பெரிதாக்கி, புள்ளி புள்ளியாக எண்ணினேன்: 212 மின்னல்கள்.

ஆனால் அன்றிரவு எந்த ஒரு நொடியிலும் என் கண்முன் ஏழெட்டுக்கு மேல் மின்மினி இருக்கவில்லை.

இதுதான் அத்தையின் கேள்விக்கு வந்து சேரும் இடம். சேர்த்த படம் மின்மினியின் எண்ணிக்கையைக் காட்டுவதில்லை, மின்னல்களின் எண்ணிக்கையைக் காட்டுகிறது. ஒரே பூச்சி 16 நிமிடத்தில் முப்பது இடங்களில் மின்னியிருக்கலாம். உலாந்திக் காட்டில் பூச்சிகளே கோடிக்கணக்கில் இருக்கின்றன, ஆகவே அந்தப் படத்தின் அடர்த்திக்கு நிஜமான அடிப்படை உண்டு. என் தோப்புப் படத்தில் அதே அடர்த்தி போலத் தோன்றுவது 15 நிமிடத்தின் வேலை. அதனால் அந்தப் படத்தை யாருக்கு அனுப்பினாலும் கூடவே ஒரு வரி எழுதுகிறேன்: "15 நிமிடம், 61 படங்கள் சேர்த்தது, ஒரு நேரத்தில் தெரிந்தவை ஏழெட்டு." முரளியின் படத்தோடும் அந்த 50, 19, 16 என்ற எண்கள் கூடவே போயின. எனக்கு அந்தப் படத்தின் மேல் மரியாதை வந்தது அந்த எண்களால்தான்.

ஒரே படம், ஆனாலும்

இதே போட்டியின் வரலாற்றில் இன்னொரு ஒளிரும் படம் உண்டு. 2017இல் பரிசு பெற்றது. பிரேசிலின் எமாஸ் தேசியப் பூங்காவில் மார்சியோ கப்ரால் என்பவர் எடுத்தது. இருட்டில் ஒரு கரையான் புற்று, அதில் பச்சை விளக்குகள் போல ஒளிரும் வண்டுப் புழுக்கள், புற்றைத் தேடி வந்த ஒரு எறும்புத்தின்னி. புழுக்களின் ஒளி உண்மை. எமாஸ் புற்றுகள் அப்படி ஒளிர்வது பிரபலம். ஆனால் எறும்புத்தின்னி பற்றிப் புகார் வந்தது. பூங்காவின் பார்வையாளர் மையத்தில் பாடம் செய்து வைத்திருந்த எறும்புத்தின்னியோடு படத்தில் இருப்பதை ஒப்பிடும்படி ஐந்து அறிவியலாளர்களைத் தனித்தனியாக அருங்காட்சியகம் கேட்டது. முடிக்கற்றையும் உடல் நிற்கும் நிலையும் ஒத்துப்போகின்றன, இரண்டும் ஒன்றேயாக இருக்க வாய்ப்பு மிக அதிகம் என்ற முடிவு வந்தது. 2018 ஏப்ரலில் பரிசு பறிக்கப்பட்டது. கப்ரால் குற்றச்சாட்டை மறுத்தார். முன்னும் பின்னும் எடுத்த மூலக் கோப்புகளை அவர் கொடுத்தார். ஆனால் எதிலும் எறும்புத்தின்னி இன்னொரு முறை இல்லை. 30 விநாடித் திறப்பு, அதற்குள் விலங்கு போய்விட்டது என்பது அவர் விளக்கம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். படம் எடுக்கும் எங்கள் வட்டத்தில் "ஒரே ஷாட்" என்பதற்கு ஒரு தனி மரியாதை இருக்கிறது. சேர்த்த படம் என்றாலே இரண்டாம் தரம் என்று ஒதுக்குவார்கள். இந்த இரண்டு வழக்கையும் படித்த பிறகு என்னால் அதை ஏற்க முடியவில்லை. ஒன்று 50 படங்களின் தொகுப்பு, அதிலுள்ள ஒவ்வொரு புள்ளி வெளிச்சமும் அந்தக் காட்டில் அந்த இரவில் ஒரு பூச்சி மின்னியது. இன்னொன்று தனிப்படமாக வந்தது, அருங்காட்சியகத்தின் முடிவுப்படி அதில் நின்ற விலங்குக்கு உயிரே இல்லை. கேட்க வேண்டிய கேள்வி எத்தனை படம் என்பதைப் பற்றியது இல்லை. சட்டகத்துக்குள் இருப்பது அங்கே இருந்ததா, எடுத்த விதத்தை எடுத்தவர் சொல்லிவிட்டாரா என்பதுதான். மூலக் கோப்புகளை ஒன்றுகூட அழிக்காமல் வைத்திருக்கச் சொல்வதும் அதனால்தான். என் 64 படங்களும், கழித்த மூன்று உட்பட, அப்படியே இருக்கின்றன.

படத்தில் வராதது

உலாந்தியின் உண்மையான அதிசயம் அந்தத் தாளம். ஒரு பூச்சி பக்கத்துப் பூச்சியின் மின்னலைப் பார்த்துத் தன் உள்கடிகாரத்தைச் சற்று முன்னே பின்னே நகர்த்திக்கொள்கிறது. எல்லாரும் அப்படியே செய்யும்போது, யாரும் வழிநடத்தாமலே, ஒரு காடு ஒரே தாளத்துக்கு வந்துவிடுகிறது. 19 விநாடிப் படத்தில் அது சுத்தமாக அழிந்துபோகிறது. சேர்ந்து மின்னியதும் தனித்தனியாக மின்னியதும் ஒன்றுபோலவே புள்ளியாக விழும். தாளம் வேண்டும் என்றால் வீடியோதான் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஓரிட் பெலெக் குழுவினர் ஸ்மோக்கி மலையில் 360 பாகைக் கேமராக்கள் வைத்து, ஒவ்வொரு மின்னலும் எந்த இடத்தில் எந்தக் கணத்தில் நடந்தது என்று பிரித்தெடுத்தார்கள். தனியாக விட்ட பூச்சி தாளமில்லாமல் மின்னுவதும், கூட்டம் பெருகப் பெருகத் தாளம் பிறப்பதும் அப்படித்தான் அளந்து தெரிந்தது.

கண்ணுக்கும் கேமராவுக்கும் இதில் ஒரு பங்கீடு இருக்கிறது. 16 நிமிடத்தை ஒரே பார்வையில் பார்க்கக் கண்ணால் முடியாது. அலை ஓடுவதை ஒரே படத்தில் பிடிக்கக் கேமராவால் முடியாது.

போக நினைப்பவர்களுக்கு

உலாந்திக்கு இரவில் போய்ப் படம் எடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முடியாது. அது புலிகள் காப்பகம், இரவில் பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. அப்படி இருப்பதே நல்லது. மகாராஷ்டிராவில் பண்டார்தரா, புருஷ்வாடி பக்கம் மே கடைசியிலும் ஜூனிலும் மின்மினித் திருவிழா நடக்கிறது. வார இறுதிகளில் ஆயிரக்கணக்கில் மக்கள், வண்டி முகப்பு விளக்கு, கைப்பேசி டார்ச், மரத்தடியெல்லாம் மிதிபட்ட மண். வனத்துறை கட்டுப்பாடு போட வேண்டிய நிலை வந்தது. பெண் பூச்சி பெரும்பாலும் தரையோடு தரையாக இருக்கிறது, புழுவும் ஈர மண்ணில் நத்தையைத் தின்று வாழ்கிறது. மரத்தில் மின்னும் ஆணைப் படம் பிடிக்கப் போகிறவர் கால்கீழே மிதிபடுவது அடுத்த ஆண்டின் மின்மினி.

உங்கள் ஊரிலேயே இருக்கும். வாய்க்கால், குளத்துக்கரை, மருந்து அதிகம் அடிக்காத தோப்பு என்று பாருங்கள். எங்கள் பக்கம் 2016லிருந்து தென்னையில் வெள்ளை ஈ வந்து, பயத்தில் கண்ட மருந்தையும் அடித்த தோப்புகளில் நான் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே போய், முக்காலியை நடைபாதையிலேயே நிறுத்தி, தூரத்து மரத்தில் ஃபோகஸ் செய்து, ஃபோகஸ் வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். இருட்டிய பிறகு நகரவே கூடாது. கேமராவில் மினுக்கும் சின்னச் சிவப்பு விளக்கையும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் மூடுங்கள், திரையை அணையுங்கள். கைவிளக்குக்குச் சிவப்பு ஜிகினாத் தாள் இரண்டு மடிப்பு கட்டினால் போதும், சிவப்பு அவற்றை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. ஃபிளாஷ் பக்கமே போக வேண்டாம்.

மூன்றாம் இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து, விளக்கைப் போடச் சொல்லலாம் என்று வேலியோரம் போனேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஏற்கெனவே அங்கே கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. விளக்கைப் போடலாமுங்களா அண்ணா என்று கேட்டேன்.

"இருங் தம்பி" என்று நாவல் மரத்தைக் காட்டினார். தாழ்ந்த கிளையில் நாலைந்து மின்மினிகள். ஒன்று மின்னியது, அதையடுத்து இன்னொன்று. பிறகு மூன்றும் நாலும் சேர்ந்து ஒரே நேரத்தில் மின்னி, மூன்று முறை தாளம் பிடித்து, கலைந்துவிட்டன. மறுபடி சேருமா என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். என் கேமரா பைக்குள் இருந்தது.

"அந்தக் கீழ்க் கிளையிலதான் மொதல்ல ஆரம்பிக்குதுங்" என்றார். "நானும் அப்போதிருந்து பாத்துட்டிருக்கறேன்."